ஓடாமல் எழும் போர் விமானம்: எழுபதாண்டு முயற்சியின் வரவும் செலவும்

நின்ற இடத்திலிருந்தே நேராக மேலெழும், ஒலியை விஞ்சிப் பறக்கும், போரிட்டுத் திரும்பி, புறப்பட்ட இடத்திலேயே நேராக இறங்கும் ஒரு ஜெட் போர் விமானம். இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளிலேயே இதற்கான வேலை தொடங்கிவிட்டது. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, சோவியத் ஒன்றியம் ஆகிய ஐந்து நாடுகளும் தங்கள் தேர்ந்த பொறியாளர்களை இதில் இறக்கின. வாலை ஊன்றி நின்றவை, வயிற்றில் எட்டு எஞ்சின்களைச் சுமந்தவை, இறக்கை நுனியில் எஞ்சின்களைத் திருப்பியவை, இறக்கையே வளையமாக இருந்தவை என்று எத்தனையோ சோதனை விமானங்கள் பறந்தன. இவற்றில் படையில் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் பணியாற்றியவை மூன்றே குடும்பங்கள்: பிரிட்டனில் பிறந்த ஹாரியர், சோவியத்தின் யாக்-38, அமெரிக்காவின் எஃப்-35பி.

மற்றவை ஏன் தேறவில்லை? அன்றைய தொழில்நுட்பம் போதவில்லை என்பதுதான் வழக்கமான பதில். அது பாதி உண்மைகூட இல்லை. எழ முடியாமலே போனவை மிகச் சில. பெரும்பாலானவை எழுந்தன, அந்தரத்தில் அசையாமல் நின்றன, சில ஒலிவேகத்தையும் தாண்டின. ஆனால், எழுவதற்கென்று அவை சுமந்த சுமை, எழுந்த பிறகு தேவைப்படும் எரிபொருளுக்கும் ஆயுதத்துக்கும் இடமில்லாமல் செய்துவிட்டது. இரண்டு நிமிட வேலைக்கான கருவியை மீதி நேரம் முழுக்கத் தூக்கிக்கொண்டு பறக்க வேண்டியிருந்தது. இந்தக் கணக்கை யார் எப்படித் தீர்த்தார்கள் என்று பார்த்தால், இந்த வரலாறு முழுவதற்கும் ஒரு சரடு கிடைக்கிறது.

ஓடுபாதை மீதிருந்த அச்சம்

ஜெட் விமானங்கள் வந்ததும் ஓடுபாதைகள் நீண்டன. அவ்வளவு நீளக் கான்கிரீட்டை மறைத்துவைக்க முடியாது. அது எங்கே இருக்கிறது என்பது எதிரிக்குச் சமாதான காலத்திலேயே தெரியும். 1950களில் அணுகுண்டைக் கணக்கில் சேர்த்துப் பார்த்த நேட்டோ தளபதிகளுக்கு, போர் தொடங்கிய முதல் மணி நேரத்திலேயே ஐரோப்பாவின் விமானத் தளங்கள் எல்லாம் போய்விடும் என்று தோன்றியதில் வியப்பில்லை. விமானம் சேதமின்றி நிற்கும், பறப்பதற்குப் பாதை இருக்காது. அப்படியானால் பாதையே தேவைப்படாத விமானம் வேண்டும். காட்டோரத்திலும் சாலையோரத்திலும் சிதறி ஒளிந்திருந்து எழ வேண்டும்.

இந்த அச்சம் வீணானதல்ல. 1967 ஜூன் 5 அன்று இஸ்ரேல் எகிப்தின் விமானத் தளங்களைத் தாக்கியபோது ஓடுபாதைகளைத் தகர்ப்பதும் அந்தத் திட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. சில மணி நேரத்தில் ஒரு பெரிய விமானப் படை தரையிலேயே அழிந்தது. தேவை உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதை நிறைவேற்ற இயற்பியல் கேட்ட விலைதான் பெரியது.

சாதாரண விமானத்தைத் தூக்குவது இறக்கை. எஞ்சின் முன்னோக்கித் தள்ளினால் போதும், எடையைக் காற்று தாங்கிக்கொள்ளும். அதனால் எடையில் பாதியளவு உந்துவிசைகூட இல்லாத விமானங்கள் சுகமாகப் பறக்கின்றன. அந்தரத்தில் நிற்கும் விமானத்துக்கு அந்த உதவி கிடையாது. பத்து டன் விமானத்துக்குப் பத்து டன்னுக்கு மேல் உந்துவிசை வேண்டும். விமானத்தைத் திருப்பவும் சரிக்கவும் அதற்கு மேலும் கொஞ்சம் வேண்டும். இதோடு இன்னொரு முரணும் சேர்கிறது. ஒரு எடையைச் சிக்கனமாகத் தூக்க வேண்டுமானால், நிறையக் காற்றை மெதுவாகக் கீழே தள்ள வேண்டும். ஹெலிகாப்டரின் நீண்ட விசிறி செய்வது அதைத்தான். ஒலியை மிஞ்சிப் பறக்க வேண்டுமானால், குறைந்த காற்றை மிக வேகமாகப் பின்னால் பீய்ச்ச வேண்டும். போர் விமானத்தின் எஞ்சின் ஒல்லியாக, சூடாக, சீற்றமாக இருப்பது இதனால். ஒரே விமானத்திடம் இரண்டையும் கேட்டால், இரண்டு வேலைக்கும் அது அரைகுறையாகவே அமையும்.

வாலை ஊன்றி நின்றவை

முதலில் வந்த யோசனை மிக நேரடியானது. எஞ்சினைத் திருப்புவதற்குப் பதில் விமானத்தையே நிமிர்த்தி நிறுத்திவிடலாம். 1954இல் கான்வேர் நிறுவனத்தின் போகோ இதைச் செய்து காட்டியது. ஆனால் அது உந்துவிசிறி விமானம். ஜெட் எஞ்சினோடு இதை முழுமையாகச் செய்தது ரையான் நிறுவனத்தின் எக்ஸ்-13 வெர்ட்டிஜெட். 1957 ஏப்ரல் 11 அன்று சோதனை விமானி பீட் ஜிரார்ட் அதை நேராக எழுப்பி, படுக்கைவாட்டுக்கு மாற்றிப் பறந்து, மீண்டும் நிமிர்த்தி இறக்கினார். அதே ஆண்டு ஜூலையில் பென்டகனிலும் பறந்து காட்டினார்கள்.

அந்த இறக்கத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். எக்ஸ்-13க்குச் சக்கரம் இல்லை. ஒரு டிரெய்லர் வண்டியின் மேடையை நிமிர்த்திவைத்து, அதன் உச்சியில் ஓர் எஃகுக் கம்பியைக் குறுக்கே கட்டியிருப்பார்கள். விமானம் மூக்கை வானத்துக்குக் காட்டியபடி அங்குலம் அங்குலமாக மேடையை நெருங்கி, மூக்கின் அடியிலுள்ள கொக்கியை அந்தக் கம்பியில் மாட்ட வேண்டும். இருக்கையை முன்னோக்கிச் சாய்த்துக் கொடுத்தும்கூட விமானிக்குக் கம்பி தெரியாது. மேடையிலிருந்து கிடையாக நீண்ட, கோடுகள் தீட்டிய ஒரு கழியைப் பார்த்துத் தொலைவைக் கணித்துக்கொள்வார். மேடையோரம் நிற்பவர் சைகை காட்டுவார். ஜிரார்டும் அவரது சகாக்களும் இதைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள் என்பதை நினைத்தால் அவர்கள் திறமை மீது பெரும் மதிப்பு உண்டாகிறது. ஆனால் சண்டையிலிருந்து திரும்பும் களைத்த விமானி, இரவில், மழையில், காற்றில் இதைச் செய்ய வேண்டும் என்று எந்தப் படையும் கேட்க முடியாது.

பிரான்சின் ஸ்னெக்மா நிறுவனம் செய்த கொலியோப்தேருக்கு இறக்கை ஒரு வளையமாக உடலைச் சுற்றியிருந்தது. 1959 ஜூலை 25 அன்று நிமிர்ந்த நிலையிலிருந்து கிடைநிலைக்கு மாற முயன்றபோது அது கட்டுப்பாட்டை இழந்து விழுந்தது. விமானி ஆகுஸ்த் மொரெல் வெளியே பாய்ந்து காயங்களோடு பிழைத்தார். வாலூன்றி நிற்கும் ஜெட் விமானங்களின் கதை ஏறக்குறைய அங்கேயே முடிந்தது.

வயிற்றில் சுமந்த எஞ்சின்கள்

விமானம் படுக்கைவாட்டிலேயே இருக்கட்டும், தூக்குவதற்கென்று தனியாகச் சிறிய எஞ்சின்களைச் செங்குத்தாகப் பொருத்தலாம் என்பது அடுத்த யோசனை. ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் ஏ. ஏ. கிரிஃபித் இதன் பெரிய ஆதரவாளர். அவர் வழிகாட்டலில் உருவான சோதனைச் சட்டகம் ஒன்று 1954 ஆகஸ்ட் 3 அன்று ஹக்னாலில் கட்டுகள் இல்லாமல் எழுந்தது. இறக்கையும் இல்லை, உடலும் இல்லை. இரண்டு நீன் எஞ்சின்கள், நான்கு கால்கள், மேலே திறந்தவெளியில் ஓர் இருக்கை. பார்த்தவர்கள் அதற்குப் பறக்கும் கட்டில் என்று பெயர் வைத்தார்கள். விசை மட்டும் இருந்தால் அந்தரத்தில் நிற்கலாம், நிற்கும்போது கட்டுப்படுத்தவும் செய்யலாம் என்பதை அது நிரூபித்தது.

கிரிஃபித்தின் சிறிய எஞ்சின்கள் வியக்கத்தக்கவைதான். ஆர்பி108 தன் எடையைப் போல் எட்டு மடங்கு தூக்கியது. பின்னால் வந்த ஆர்பி162 பதினாறு மடங்கு தூக்கியது. இவ்வளவு லேசான எஞ்சினைச் சுமப்பதில் என்ன நட்டம் என்று அன்றைக்குக் கேட்டவர்களை இன்று குறை சொல்ல முடியாது. ஆனால் எஞ்சினின் எடை மட்டுமா சுமை? அதற்குக் காற்று வர மேலே கதவு, போகக் கீழே கதவு, எரிபொருள் குழாய், தீத்தடுப்பு, அதைத் தொடங்கும் ஏற்பாடு என எல்லாம் சேர்ந்து வருகின்றன. அவை எல்லாம் குடியேறும் இடம், சாதாரண விமானத்தில் எரிபொருள் தொட்டி இருக்கும் இடம். எஞ்சின் ஒன்று படுத்துவிட்டால் விமானம் ஒரு பக்கமாகச் சாயும், அதுவும் தரைக்கு அருகில்.

இந்த வழியில் மிகத் தொலைவு போனது பிரான்ஸ். தஸ்ஸோ நிறுவனம் மிராஜ் போர் விமானத்தின் உடலில் எட்டு ஆர்பி108களைப் பொருத்தி, பறப்பதற்கு ஒன்பதாவதாக ஓர் ஆர்ஃபியஸ் எஞ்சினையும் வைத்து பல்ஸாக் என்ற சோதனை விமானத்தை உருவாக்கியது. 1962 அக்டோபரில் அது அந்தரத்தில் நின்றது. அடுத்த மார்ச்சில் எழுந்து, முன்னோக்கிப் பறக்கும் நிலைக்கும் மாறியது. 1964 ஜனவரி 10 அன்று தாழ்வாக நின்றிருந்தபோது நிலைகுலைந்து விழுந்து, விமானி ழாக் பினியே உயிரிழந்தார். விமானத்தைச் செப்பனிட்டார்கள். 1965 செப்டம்பர் 8 அன்று மீண்டும் விழுந்தது. இம்முறை இறந்தவர் அமெரிக்க விமானப் படையின் மேஜர் பிலிப் நீல். ஒரே விமானம் இரண்டு விமானிகளைக் கொன்றது.

அதற்குள் பல்ஸாக்கின் பெரிய வடிவமான மிராஜ் 3வி தயாராகியிருந்தது. அதன் இரண்டாம் முன்மாதிரி 1966 செப்டம்பரில் ஒலியைப் போல் இரு மடங்கு வேகத்தைத் தொட்டது. நேராக எழும் நோக்கத்தோடு கட்டப்பட்ட வேறு எந்த விமானமும் அந்த வேகத்தை எட்டவில்லை. இரண்டே மாதத்தில், நவம்பர் 28 அன்று, அந்த விமானமும் விபத்தில் அழிந்தது. திட்டம் நின்றது. ஒன்பது எஞ்சின்களைப் பராமரித்துக்கொண்டு காட்டோரம் ஒளிந்திருப்பது எப்படி என்ற கேள்விக்கு, திட்டம் நடந்த காலம் முழுவதும் யாரிடமும் நல்ல பதில் இருந்ததாகத் தெரியவில்லை.

மேற்கு ஜெர்மனியின் விஜே 101சி இன்னும் அழகான தீர்வைத் தேடியது. இறக்கையின் இரு நுனிகளிலும் இரண்டிரண்டு எஞ்சின்கள். அவை கூடோடு திரும்பும். விமானி அறைக்குப் பின்னால் தூக்குவதற்கு மட்டும் இரண்டு. ஆக, ஆறில் நான்கு எஞ்சின்கள் இரு வேலையும் செய்தன. 1963இல் நேராக எழுந்து நிலைமாறியது. 1964 ஜூலையில் ஒலிவேகத்தைத் தாண்டியது. நேராக எழும் விமானங்களில் அதுவே முதல். அந்த செப்டம்பரிலேயே முதல் முன்மாதிரி விழுந்தது. காரணம், சாய்வை உணரும் கைரோ ஒன்று தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தது. விமானம் ஒரு பக்கம் சாய்ந்தால் திருத்த வேண்டிய கருவி, அந்தச் சாய்வை இன்னும் கூட்டிக்கொண்டே போனது. விமானி ஜார்ஜ் பிரைட் வெளியே பாய்ந்து தப்பினார். இரண்டாம் முன்மாதிரி, வெளியேறும் புகையில் மேலும் எரிபொருளை எரிக்கும் பின்னெரிப்புடன் எழுந்தபோது அதன் சூடு தரையைச் சிதைத்தது; சூடான புகை எஞ்சினுக்குள்ளேயே திரும்பி விசையைக் குறைத்தது. அந்த விமானம் இப்போது ஜெர்மன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

நேட்டோவும் மனம் மாறிக்கொண்டிருந்தது. முதல் மணி நேரத்திலேயே அணுகுண்டு விழும் என்ற பழைய திட்டம் 1967இல் கைவிடப்பட்டது. சிதறி ஒளிந்திருக்கும் விமானத்துக்கு எரிபொருளையும் குண்டுகளையும் லாரி லாரியாக யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று கணக்குப் போட்டவர்களுக்கு மலைப்புத்தான் மிஞ்சியது. ஜெர்மனியின் அடுத்த முயற்சியான விஏகே 191பி 1971இல் பறந்தபோது அதற்கென்று ஒரு வேலையே மிச்சமில்லை.

ஒரே எஞ்சின், நான்கு வாய்கள்

தேறிய வழி ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து வந்தது. மிஷெல் விபோ 1950களின் நடுவில் ஒரு திட்டம் வரைந்தார். எஞ்சின் ஒன்றே, அதன் காற்றை நான்கு திருப்பக்கூடிய வாய்கள் வழியாக வெளியே விட்டால், வாய்களைக் கீழே திருப்பும்போது விமானம் எழும், பின்னால் திருப்பும்போது பறக்கும். அவருடைய சொந்த நாட்டில் யாரும் ஆர்வம் காட்டவில்லை. பாரிசிலிருந்த ஓர் அமெரிக்க ராணுவ உதவி அலுவலகம் அந்த வரைபடத்தைப் பிரிட்டனின் பிரிஸ்டல் எஞ்சின் நிறுவனத்தில் இருந்த ஸ்டான்லி ஹூக்கருக்கு அனுப்பியது. அங்கே கார்டன் லூயிஸ், விபோ வரைந்திருந்த பருமனான காற்றழுத்திகளை நீக்கிவிட்டு, முன்பக்கம் ஒரு பெரிய விசிறியை வைத்தார். ஹாக்கர் நிறுவனத்தின் ரால்ஃப் ஹூப்பர், பின்பக்கச் சூடான புகையையும் இரண்டாகப் பிரித்துத் திருப்பலாம் என்றார். பெகாசஸ் எஞ்சின் பிறந்தது. அதன் ஆக்கச் செலவில் முக்கால் பங்கை அமெரிக்காவின் உதவித் திட்டம் ஏற்றது. யாருக்கும் சொந்தமில்லாமல் மூன்று நாடுகளின் மேசைகளைக் கடந்து உருவான இந்த எஞ்சின், தனிநாட்டுப் பெருமைக்காகக் கட்டப்பட்ட அத்தனை போட்டியாளர்களையும் வென்றது என்பது எனக்கு மிகப் பிடித்த செய்தி.

முன்னிரு வாய்களில் விசிறியின் குளிர்ந்த காற்று. பின்னிரு வாய்களில் சூடான புகை. நான்கும் ஒரே நெம்புகோலுக்குக் கட்டுப்பட்டுத் திரும்பும். எஞ்சினின் இரு சுழற்சிப் பகுதிகளும் எதிரெதிர்த் திசையில் சுழல்வதால், பம்பரம் போல் விமானத்தைத் திருப்பிவிடும் விசை ஏறக்குறைய அடங்கிவிடுகிறது. முக்கியமாக, தூக்குவதற்கென்று தனிச் சுமை எதுவும் இல்லை.

ஹாக்கரின் பி.1127 முன்மாதிரி 1960 அக்டோபர் 21 அன்று டன்ஸ்ஃபோல்டில் கம்பிகளால் தரையோடு கட்டப்பட்ட நிலையில் முதன்முறை எழுந்தது. சோதனை விமானி பில் பெட்ஃபர்டுக்கு அப்போது கார் விபத்தில் கால் உடைந்து மாவுக்கட்டு. கட்டப்பட்ட நிலையில் அந்தரத்தில் நிற்பதற்கு மட்டும் என்று மருத்துவர்கள் அனுமதி கொடுத்தார்கள். எஞ்சினின் விசை ஏறத்தாழ ஐந்தே டன். ஆகவே கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிவிட்டு, சில நிமிடங்களுக்கான எரிபொருளோடுதான் அது எழுந்தது. நவம்பரில் கட்டில்லாமல் நின்றது. 1961 செப்டம்பரில் எழுவதிலிருந்து பறப்பதற்கு முழுமையாக மாறியது. டிசம்பரில் இரண்டாம் முன்மாதிரியின் முன்வாய் ஒன்று பறக்கும்போதே கழன்று விழ, பெட்ஃபர்ட் வெளியே பாய வேண்டியிருந்தது. கண்ணாடியிழையில் செய்த வாய்கள் அதற்குப் பிறகு எஃகில் செய்யப்பட்டன.

அந்தரத்தில் நிற்கும் விமானத்துக்குச் சுக்கானும் இறக்கை மடல்களும் உதவாது, அவற்றின் மேல் காற்று ஓடுவதில்லை. எஞ்சினிலிருந்து அழுத்தக் காற்றைக் குழாய்களில் எடுத்து, மூக்கிலும் வாலிலும் இறக்கை நுனிகளிலும் உள்ள சிறு துளைகள் வழியே பீய்ச்சித்தான் விமானி அதைச் சாய்க்கிறார், திருப்புகிறார்.

ஹாரியரின் முன்கண்ணாடிக்கு நேர் எதிரே, மூக்கின் மேல், கைவிரல் அளவில் ஒரு உலோகத் தகடு காற்றில் ஆடும்படி பொருத்தப்பட்டிருக்கும். எத்தனையோ மின்னணுக் கருவிகள் நிறைந்த விமானத்தில் ஏன் இந்தக் காற்றுத்திசை காட்டி? பெகாசஸ் எஞ்சின் நொடிக்கு ஏறத்தாழ 200 கிலோ காற்றை விழுங்குகிறது. விமானம் மெதுவாகப் பக்கவாட்டில் நகரும்போது, அந்தக் காற்று முழுவதும் மூக்கருகே திடீரென்று திசை மாற வேண்டும்; அதன் விசை மூக்கை மேலும் திருப்பப் பார்க்கும். அதைத் திருத்தாமல் விட்டால் பின்சாய்ந்த இறக்கைகளில் ஒன்று மற்றதைவிட அதிகமாகத் தூக்கும், விமானம் கவிழும். இறக்கை பாதி, வாய்கள் பாதியாகத் தாங்கும் இடைப்பட்ட வேகத்தில் இந்த அபாயம் உச்சம். கவிழத் தொடங்கிய பிறகு மீள நேரமிருக்காது. 1969 ஜனவரியில் டன்ஸ்ஃபோல்டில் ஹாரியரை ஓட்டிப் பார்த்த ஓர் அமெரிக்க விமானி இப்படித்தான் உயிரிழந்தார். தகட்டை நேராக வைத்திருக்க வேண்டும் என்பது ஹாரியர் விமானி முதலில் கற்கும் பாடம்.

ஒலியை மிஞ்சும் பி.1154 என்ற வடிவத்தையும் ஹாக்கர் வரைந்தது. 1965 பிப்ரவரியில் பிரிட்டன் அரசு அதைக் கைவிட்டது. ஒலிவேகத்துக்குக் குறைவான எளிய வடிவமே ஹாரியராக 1969இல் படையில் சேர்ந்தது. என் கருத்தில் அது நல்லதற்கே நடந்தது. முன்வாய்களிலும் எரிபொருளை எரிக்கத் திட்டமிட்ட பி.1154, தரையை உருக்கும் சூட்டோடும் திரும்பி வரும் புகையோடும் போராடியே தன் காலத்தைக் கழித்திருக்கும்.

ஏட்டில் எழுந்தது, கட்டில் எழாதது

எழவே முடியாமல் போன ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கக் கடற்படைக்காக ராக்வெல் செய்த எக்ஸ்எஃப்வி-12, எஞ்சின் காற்றை இறக்கையின் நீண்ட பிளவுகள் வழியே பீய்ச்சி, சுற்றியுள்ள காற்றையும் இழுத்துச் சேர்த்துக்கொள்ளும் முறையை நம்பியது. விசை 55 விழுக்காடு கூடும் என்று ஆய்வகம் சொன்னது. 1978இல் நாசாவின் லாங்லி மையத்தில் கட்டித் தொங்கவிட்டுச் சோதித்தபோது பின்னிறக்கையில் 19 விழுக்காடும் முன்னிறக்கையில் 6 விழுக்காடும்தான் கூடியது. தன் எடையில் முக்கால் பங்கையே அதால் தூக்க முடிந்தது. 1981இல் மூடினார்கள்.

கடலில் சோவியத்

சோவியத் ஒன்றியம் இரு வழிகளையும் கலந்தது. யாக்-38 விமானத்துக்குப் பின்னால் திரும்பும் வாய்களோடு ஒரு முதன்மை எஞ்சின், முன்னால் தூக்குவதற்கு மட்டும் இரண்டு. 1971இல் பறந்து, கீவ் வகைக் கப்பல்களில் பணியாற்றியது. முன் எஞ்சின் ஒன்று நின்றால் விமானம் கண்ணிமைக்கும் நேரத்தில் குப்புறக் கவிழும் என்பதால், குறிப்பிட்ட சாய்வைத் தாண்டியதும் விமானியைத் தானாகவே வெளியே எறியும் இருக்கையைப் பொருத்தினார்கள். அது பல உயிர்களைக் காத்தது. ஆனால் வெப்பக் கடல்களில் எஞ்சின்கள் தடுமாறின, எரிபொருளும் ஆயுதமும் சொற்பம்.

அடுத்து வந்த யாக்-141 ஒலியை மிஞ்சியது. 1991இல் பல உலக சாதனைகளைப் பதிவு செய்தது. அதே ஆண்டு அக்டோபர் 5 அன்று அட்மிரல் கோர்ஷ்கோவ் கப்பலில் இறங்கும்போது தளத்தில் மோதித் தீப்பற்றியது. விமானி உயிர் தப்பினார். சோவியத் ஒன்றியமே சில வாரங்களில் இல்லாமல் போக, விமானமும் நின்றது. அந்தக் கப்பலை நமக்குத் தெரியும். முன்பக்கத்து ஏவுகணைகளை அகற்றி, மேல்நோக்கி வளைந்த சறுக்குமேடையும், இறங்கும் விமானத்தைப் பிடித்து நிறுத்தும் தடுப்புக் கம்பிகளும் பொருத்தி, 2013 நவம்பரில் இந்தியக் கடற்படையில் ஐ.என்.எஸ். விக்ரமாதித்யா என்ற பெயரில் அது சேர்ந்தது. நேராக எழும் விமானங்களுக்கென்றே கட்டப்பட்ட தளத்தில் இன்று ஓடி எழுந்து கம்பியில் மாட்டி இறங்கும் மிக்-29கே பறக்கிறது.

எழுவது ஒன்று, இறங்குவது வேறு

ஹாரியரின் வெற்றிக்குள்ளேயே ஒரு முக்கியமான ஒப்புதல் அடங்கியிருக்கிறது. போருக்குப் போகும் ஹாரியர் நேராக எழுவதே அபூர்வம். கொஞ்ச தூரம் ஓடினால் இறக்கையும் உதவிக்கு வருகிறது. சுமை பல மடங்கு கூடுகிறது. திரும்பும்போது எரிபொருள் தீர்ந்து, குண்டுகள் போட்டு, விமானம் லேசாகிவிடும். அப்போது நேராக இறங்கலாம். பிரிட்டன் கடற்படை அதிகாரி டக்ளஸ் டெய்லர் 1970களில் முன்வைத்த சறுக்குமேடை இதை முழுமையாக்கியது. கப்பல் தளத்தின் நுனி மேல்நோக்கி வளைந்திருந்தால், குறைந்த ஓட்டத்திலேயே விமானம் மேல்நோக்கி எறியப்படுகிறது. இறக்கை முழுப் பாரத்தையும் ஏற்கும் வேகம் வருவதற்கு அவகாசம் கிடைக்கிறது. 1982 ஃபாக்லாந்து போரில் ஹாரியரின் கடற்படை வடிவமான சீ ஹாரியர்கள் வான்சண்டையில் ஒன்றைக்கூட இழக்காமல் எதிரி விமானங்கள் பலவற்றை வீழ்த்தியது இந்த ஏற்பாட்டில்தான்.

இந்தியாவும் இதைத்தான் வாங்கியது. 1972இல் பழைய விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தில் ஹாரியரைப் பறக்கவிட்டுக் காட்டினார்கள். 1983இன் இறுதியில் முதல் சீ ஹாரியர்கள் கோவாவுக்கு வந்தன. ஆனால் வெப்ப நாட்டின் சூடான காற்று லேசானது. எஞ்சின் விழுங்கும் காற்றின் எடை குறைந்தால் விசையும் குறையும். இறங்கும் கடைசி நேரத்தில் எஞ்சினுக்குள் நீரைப் பீய்ச்சி விசையைக் கூட்டும் ஏற்பாடு இருந்தது. அந்த நீர் ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்துக்கே வரும். வாங்கியவற்றில் பாதிக்கு மேல் விபத்துகளில் அழிந்தன. அமெரிக்க மரைன் படையின் கதையும் இதுவே. போருக்கு வெளியே ஹாரியர் விபத்துகளில் 45 பேர் இறந்ததை லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் 2002இல் வரிசையாக எழுதி வெளிக்கொண்டுவந்தது. நேராக இறங்கும் வசதிக்கு நாம் கொடுத்த விலையில் இந்த உயிர்களும் சேர்த்தி.

எஃப்-35பி பிறந்தது பழைய இரு பாதைகளின் சந்திப்பில். அதற்கான ஒப்பந்தத்துக்கு 2001இல் போட்டியிட்ட போயிங்கின் எக்ஸ்-32, ஹாரியரைப் போல் எஞ்சின் காற்றையே கீழே திருப்பியது. எடையைக் குறைக்கச் சில பகுதிகளைக் கழற்றித்தான் நேராக இறங்கிக் காட்ட முடிந்தது. பின்னர் எஃப்-35பியாக வளர்ந்த லாக்ஹீட் நிறுவனத்தின் எக்ஸ்-35, விமானி அறைக்குப் பின்னால் ஒரு பெரிய விசிறியை வைத்து, முதன்மை எஞ்சினிலிருந்து தண்டு வழியே ஏறத்தாழ 29,000 குதிரைத்திறனை அதற்குக் கொடுத்தது. நிறையக் காற்றை மெதுவாகத் தள்ள வேண்டும் என்ற விதிக்கு இது மிக நெருங்கிய தீர்வு. விசிறியின் குளிர்ந்த காற்று, பின்னால் வரும் சூடான புகை எஞ்சினுக்குள் போகாமல் தடுக்கவும் செய்கிறது. 2001 ஜூலை 20 அன்று அது குறுகிய ஓட்டத்தில் எழுந்து, ஒலிவேகத்தைத் தாண்டி, நேராக இறங்கியது. இம்மூன்றையும் ஒரே பயணத்தில். அதற்கு முன் எந்த விமானமும் இதைச் செய்ததில்லை.

ஆனாலும் சுமை போகவில்லை. பறக்கும் நேரமெல்லாம் அந்த விசிறி சும்மா கிடக்கிறது. ஓடுபாதையில் ஓடி எழும் எஃப்-35ஏ எட்டு டன்னுக்கு மேல் எரிபொருள் கொள்ளும். எஃப்-35பி கொள்வது ஆறு டன். 2025 ஜூன் 14 அன்று பிரிட்டன் கடற்படைக் கப்பலிலிருந்து பறந்த எஃப்-35பி ஒன்று திருவனந்தபுரத்தில் அவசரமாக இறங்கி, பழுதாகி, ஐந்து வாரத்துக்கு மேல் நின்றது. நேராக எழத் தெரிந்த விமானம் ஏன் ஓடுபாதையில் இறங்கியது என்று பலரும் கேட்டார்கள். ஜூலை 22 அன்று அது புறப்பட்டதும் ஓடுபாதையில் ஓடித்தான். நீண்ட பயணத்துக்கு எரிபொருள் நிரப்பினால் ஓடியே ஆக வேண்டும். எழுபது ஆண்டுகளுக்கு முன் இருந்த கணக்கு இன்றும் அப்படியே இருக்கிறது.

ஆக, நேராக எழும் ஜெட் போர் விமானம் என்று ஐந்து நாடுகள் தேடியது உண்மையில் கிடைக்கவே இல்லை. கிடைத்தது, குறுக ஓடி எழுந்து நேராக இறங்கும் விமானம். சிறிய தளமுள்ள கப்பலை வைத்திருக்கும் நாட்டுக்கு அது விலைமதிப்பற்றது. ஜப்பானும் இத்தாலியும் தங்கள் கப்பல்களுக்கு எஃப்-35பி வாங்குவது இதனால்தான். நீண்ட தளம் உள்ளவர்களுக்கு அந்த விலை வீண். இந்தியக் கடற்படை 2016இல் சீ ஹாரியர்களுக்கு ஓய்வு கொடுத்தது. 2025 ஏப்ரலில் 26 ரஃபேல்-எம் விமானங்களுக்கு ஒப்பந்தம் செய்தது. அவற்றுக்கு நேராக இறங்கத் தெரியாது. புதிய விக்ராந்தின் நீளம் 262 மீட்டர். தடுப்புக் கம்பியும் சறுக்குமேடையும் அதில் இருக்கின்றன. அந்தத் தளத்துக்கு அந்த முடிவே சரி.